சிரிப்பு வராத பகிடி

'பிடிபட்ட படை' நாடகத்தைப் பார்க்காத தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் கிழக்கு லண்டனில் இருக்கிறார் என்றால், அவர் போன மாதம்தான் பிறந்திருக்க வேண்டும். கிறிஸ்மஸ் ஒளிவிழாவா, மடுமாதா பெருநாளா, மாற்றலாகிப் போகும் பாதருக்குப் பிரியாவிடையா, எதுவாக இருந்தாலும் செபமாலைமுத்துவின் ஆட்களைக் கூப்பிடு என்பதுதான் வழக்கம். சனத்துக்கு வசனமெல்லாம் மனப்பாடம். இருந்தும் வந்து குந்தியிருந்து, புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டுப் போகும்.

கதை ஒன்றும் பெரிய கதையில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்தில், பஸ் தரிப்பிலும் ரியூசன் வாசலிலும் நின்ற பெடியளைப் பிடித்து வான் வண்டியில் ஏற்றி, தலைமயிரை ஒட்ட வெட்டி, கையில் மரத்துவக்கைக் கொடுத்து, இன்றைக்கிருந்து நீங்கள் இராணுவம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிடித்தது யார் என்று நாடகம் சொல்லாது. லண்டனில் அந்தக் கேள்விக்குக் கடைக்கொரு பதில் இருக்கிறது. ஒரு கடையில் பதில் சொன்னவர் அடுத்த கடைக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே மாஸ்டர் என்று ஒருவர் வருவார், அவ்வளவுதான். பெடியள் மரத்துவக்கால் சோற்றுப் பானையைக் கிண்டுவார்கள். காவலுக்கு நிற்பவனையே கள்ளன் என்று பிடித்து மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, காவல்காரன் எங்கே என்று விடியும்வரை தேடுவார்கள்.

நடிக்கிற எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அரைக்காற்சட்டையோடு பதினேழு வயதுப் பெடியளாக அணிவகுத்து வரும்போது முதலில் வயிறு மேடைக்கு வரும், ஆள் பிறகுதான் வருவார். மாஸ்டர் வேஷம் வாமதேவனுக்கு. அவர் சைவக்காரர், ஆனால் நடிப்பு என்றால் எந்தக் கோயில் மண்டபம் என்று பார்க்காத மனிதர். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் மேரிசாந்தி. நாடகத்தை ஆக்கியவரும் அதில் பீற்றர் என்ற பெடியனாக வருபவரும் செபமாலைமுத்து. அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே பிடிபட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் ஒரு வசனத்துக்கு மட்டும் ஒருவரும் சிரித்ததில்லை. படுக்கைக் காட்சி. பெடியள் வரிசையாகக் கிடந்து குறட்டை விடுவார்கள். பீற்றர் எழும்பி உட்கார்ந்து, மண்டபத்தின் இருட்டைப் பார்த்து, "தேங்காய் இன்னும் தொங்குதோ?" என்று கேட்பான். கேட்டுவிட்டுக் காத்திருப்பான். சனம் இருமும், பிள்ளையை மடி மாற்றும், போனைப் பார்க்கும். பிறகு பீற்றர் பேசாமல் படுத்துவிடுவான்.

"செபமாலை அண்ணையின்ரை தேங்காய் வரப்போகுது, தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள் இப்ப போய்க் குடிக்கலாம்" என்று வாமதேவன் ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பின்னால் பகிடி விடுவார். அந்த வசனத்தைத் தூக்கிவிடச் சொல்லிப் பலபேர் பலமுறை சொல்லிப் பார்த்தார்கள். செபமாலை மற்ற எதற்கும் வளைந்து கொடுப்பார். அதற்கு மட்டும் மாட்டார்.

அந்தக் கேள்வி சனத்துக்கானது இல்லை. சூசைக்கானது.

சூசை, முகாமில் செபமாலைக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன். அவனைப் பிடித்த அன்று அவன் தாய் சொல்லிக் கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். பையைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவி, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் ஒதுங்கப் போன இடத்தில் அமுக்கிவிட்டார்கள். முதல் இரவு எல்லாப் பெடியளும் போர்வைக்குள் அழுதார்கள். சூசையும் அழுதான், ஆனால் அழுகைக்கு நடுவில் தேங்காயை நினைத்து ஒரு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் செபமாலை அந்தக் கேள்வியைக் கேட்பார். சூசை ஒரே பதிலைத்தான் சொல்வான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, அந்தச் சிரிப்போடு நித்திரையாகிவிடுவார்கள். அதை ஒரு நட்பு என்று சொல்வதா, மருந்து என்று சொல்வதா? அது இல்லாவிட்டால் தான் அங்கே பைத்தியமாகியிருப்பேன் என்பதில் செபமாலைக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு விடியற்காலை முகாமில் வெடி விழுந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். செபமாலை காட்டுப் பக்கம் ஓடித் தப்பினார். சூசை கடற்கரைப் பக்கம் ஓடியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. முகாமில் எல்லாருக்கும் வேறு பெயர் வைத்து, சொந்த விலாசத்தைப் பேசத் தடையும் போட்டிருந்ததால், அவன் காதுக்குள் சொன்ன சூசை என்ற சொந்தப் பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. மன்னாரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் அது ஒரு சூசையின் மேல்தான் விழும். செபமாலை தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. கடைசியாகத்தான் இந்த நாடகத்தை ஆக்கினார். சூசை உயிரோடு எங்காவது இருந்து, என்றைக்காவது ஒரு மண்டபத்தில் வந்து குந்தினால், கேள்வியைக் கேட்டதும் பதில் தானாக வாயில் வந்துவிடும். அந்தப் பதில் நாடகத்தில் இல்லை. மனைவி றோஸ்மலருக்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லை. அவன் வாயால் வந்தால்தான் அது அவன்.

றோஸ்மலர் கான்சரில் போன பிறகு செபமாலைக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை, இரண்டும்தான் மிச்சம். பிள்ளைகள் இல்லை. அவர் அடுக்குகிற தட்டில் சாப்பிடுகிறவர்களை அவர் கண்டதில்லை. சில கிழமைகளில் வெள்ளிக்கிழமை வந்த பிறகுதான், திங்களிலிருந்து வாய் திறந்து தமிழ் பேசவில்லையே என்பது உறைக்கும். சனிக்கிழமை ரயில் மாறி ரயில் ஏறி லண்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, குட்மேய்ஸ் மண்டபத்துக்கு ஒத்திகைக்குப் போவார். அங்கே மேரிசாந்தி சுடச்சுட றோல்ஸ் கொண்டுவருவார், வாமதேவன் கழுத்தில் கைபோட்டு நக்கலடிப்பார். அன்று ஒருநாள் அவர் மனிதர்.

இந்த நாடகத்தைத்தான் முகுந்த் படமாக எடுக்க வேண்டும் என்று வந்து நின்றான்.

முகுந்த் சென்னைக்காரன். பகலில் ஏதோ வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை, மற்ற நேரமெல்லாம் சினிமாப் பைத்தியம். நண்பன் ஒருவன் இழுத்துவர ஒளிவிழாவுக்கு வந்தவன், நாடகம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தான். சிரித்து வந்த கண்ணீரா மற்றதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அண்ணா, இதை அப்படியே எடுக்கறேன். சின்னப் பசங்களைப் போட மாட்டேன். நீங்கதான், இந்த வயசுலதான், இந்த டிரவுசர்லதான். அதுதான் படமே."

படம் என்றதும் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாமதேவன் அடுத்த கிழமையே மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தார். செபமாலைக்கு வேறு கணக்கு ஓடியது. மேடை லண்டனைத் தாண்டிப் போனால் பாரிஸ். படம் கனடாவுக்குப் போகும், நோர்வேக்குப் போகும், மன்னாருக்கே போகும். சூசை எந்த மூலையில் இருந்தாலும் அவன் கையிலிருக்கிற போனுக்குள் போகும். அவர் சம்மதித்தது அதற்காகத்தான்.

படப்பிடிப்பு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வெறும் வளவில் நடந்தது. கூடாரம் அடித்து, முள்ளுக்கம்பி இழுத்து, அதை மன்னார் என்று சொன்னார்கள். ஒக்டோபர் குளிரில் அரைக்காற்சட்டையோடு நின்ற ஐம்பது வயதுப் படையைப் பார்த்து, நாய் கூட்டிவந்த வெள்ளைக்காரி ஒருத்தி, இது ஏதாவது உடம்பு மெலிய வைக்கிற வகுப்பா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் காட்சியிலேயே செபமாலை தடுமாறிப்போனார். காவல்காரனை மரத்தில் கட்டும் காட்சி. மண்டபம் கூரை பறக்கச் சிரிக்கிற இடம். வசனத்தைச் சொன்னார், பழக்கதோஷத்தில் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றார். ஒரு சத்தமும் இல்லை. கமராவுக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றும் ஒரு முகமும் அசையவில்லை.

"கட். அண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"சிரிப்புக்கு இடம் விட்டனான், தம்பி."

"இங்க யாரும் சிரிக்கக் கூடாதுண்ணா. மைக்ல விழுந்துரும். நீங்க போய்க்கிட்டே இருங்க."

பகிடியைச் சொல்லிவிட்டு ஒருவரும் சிரிக்காத இடத்தில் நிற்பது செபமாலைக்குப் புதிது. நாள் முழுக்க அப்படியே போனது. பானையைத் துவக்கால் கிண்டினார், யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டரின் தொப்பிக்குள் சோறு விழுந்தது, யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது பசியாகவும் அடியாகவும் வீட்டு நினைப்பாகவும்தான் இருந்தது. இத்தனை வருடம் சனத்தின் சிரிப்புக்குப் பின்னால்தான் தான் ஒளிந்திருந்ததாக அவருக்குப் பட்டது. பின்னேரம் ஆக ஆக அவருக்குப் பயமாகவே இருந்தது.

அன்று கடைசியாகப் படுக்கைக் காட்சி. கூடாரத்துக்குள் எழும்பி உட்கார்ந்து, தேங்காய் இன்னும் தொங்குதோ என்று கேட்டார். காத்திருந்தார். முகுந்த் கட் சொல்லவில்லை. கமரா ஓடிக்கொண்டேயிருந்தது. செபமாலை அந்தக் கறுத்தக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். மண்டபத்து இருட்டுக்குள் மனிதர்களாவது இருப்பார்கள், இதற்குள் ஒருவரும் இல்லை. படுக்க வேண்டியவர் படுக்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முகுந்த் அவரைத் தன் காருக்குக் கூட்டிப்போய் ஹீற்றரைப் போட்டுவிட்டான். பிறகு கேட்டான்.

"யார்கிட்ட கேக்கறீங்கண்ணா, அதை?"

செபமாலை எல்லாவற்றையும் சொன்னார். பாய், போர்வை, சைக்கிள், கடற்கரைப் பக்கம் ஓடினது, எல்லாம். முகுந்த் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவர் என்ன பதில் சொல்வாரு?"

முப்பத்தைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். அதனால்தானோ என்னவோ, பூட்டிவைத்திருந்த வாய் திறந்துவிட்டது.

"நான் தேங்காய் இன்னும் தொங்குதோ எண்டு கேப்பன். அவன் சொல்லுவான், 'தேங்காய் தொங்குது, சைக்கிளைத்தான் காணேல்லை.'"

முகுந்த் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோய், கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"படம் நெட்ல வந்ததும் பாருங்கண்ணா. கீழே ஆயிரம் பேர் கமெண்ட் போடுவாங்க. அவர் இருந்தா அவரும் போடுவாரு. இந்தப் பதிலை வேற யாருமே எழுத முடியாதுல்ல?"

"ஓம், ஆருக்கும் ஏலாது" என்றார் செபமாலை. இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. மனம்விட்டுச் சொன்ன கதைக்கு அப்படியொரு நிபந்தனை போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான், அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்பவர்களும் நாங்கள்தான்.

அந்தக் குளிர்காலம் செபமாலைக்கு நல்ல காலம். ஒத்திகை நின்றுபோனது, இனிப் படத்தையே போடலாம், எதற்கு முழங்கால் நோக நோக மேடை ஏறுவது என்று வாமதேவனே சொல்லிவிட்டார். சனிக்கிழமைகள் வெறுமையாகிவிட்டன. மேரிசாந்தி ஒருமுறை போன் எடுத்து, "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார், அதோடு சரி. இருந்தும் செபமாலைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தட்டு அடுக்கும்போது அவர் வாய்க்குள் சிரித்துக்கொள்வதைக் கண்டு, பக்கத்தில் நின்ற போலந்துக்காரன், ஏதும் கலியாணம் சரிவந்துவிட்டதா என்று கேட்டான். படம் வெளிவரும், சூசை பார்ப்பான், பதில் வரும். வந்தால் முதலில் என்ன எழுதுவது என்பதுதான் யோசனை.

பார்க்கிங்கில் ஒரு தியேட்டரில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு படத்தைப் போட்டார்கள். அதே நேரத்தில் நெட்டிலும் விடுவதாக ஏற்பாடு. ஹவுன்ஸ்லோவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். செபமாலை சூட் போட்டு, நடு வரிசையில், மேரிசாந்திக்குப் பக்கத்தில் இருந்தார்.

முகுந்த் கெட்டிக்காரன். அதில் பொய்யில்லை. தொடக்கத்திலேயே வேலியில் சாத்திய சைக்கிளையும், ஹாண்டிலில் ஆடுகிற பையையும், அதற்குள் உருண்டையாகத் தெரிகிற தேங்காயையும் காட்டிவிட்டான். சனம் சிரித்த சிரிப்பில் பாதி வசனம் கேட்கவில்லை. திரையில் இருந்தவர்கள் சிரிப்புக்கு நிற்கவில்லை, தங்கள்பாட்டில் போய்க்கொண்டிருந்தார்கள்.

படுக்கைக் காட்சி வந்தது. திரை நிறையச் செபமாலையின் முகம். கேள்வியைக் கேட்டது. காத்திருந்தது. தியேட்டர் அடங்கிப்போய் இருந்தது.

இருட்டுக்குள்ளிருந்து, போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போன்ற ஒரு குரல், "தேங்காய் தொங்குது, சைக்கிளைத்தான் காணேல்லை" என்றது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது சூசைதான். அந்த ஒரு கணத்தில் செபமாலைக்கு வந்த சந்தோசம் அதற்கு முன்னும் வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. பிறகு தியேட்டர் முழுக்க வெடித்துச் சிரித்தது. முன் வரிசையில் வாமதேவன் திரும்பி, பல்லெல்லாம் தெரிய, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். குரல் அவருடையது. பதினைந்து வருடம் ஒருவரும் சிரிக்காத இடத்தில் சனம் கைதட்டிக் கைதட்டிச் சிரித்தது. மேரிசாந்தி அவர் கையைப் பிடித்து, "கடைசியிலை உங்கடை பகிடிக்கும் சிரிச்சிட்டினம், அண்ணை" என்றார்.

படம் முடிந்ததும் வாசலில் முகுந்த் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எடிட்டிங்ல உங்க முகத்தைப் பாக்க முடியலைண்ணா. கேட்டுட்டுத் தனியா உக்காந்திருக்கீங்க. யாராவது பதில் சொல்லணும்னு தோணிச்சு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் உங்ககிட்ட சொல்லலை."

செபமாலைக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய், தம்பி. எல்லாரும் சிரிச்சவை. ஆனா இனி அவனே வந்து சொன்னாலும், அது அவன்தான் எண்டு நான் என்னெண்டு நம்புறது?"

முகுந்தின் கை அவர் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. போனை எடுத்தான், எதையோ அழுத்தினான், பிறகு அதைக் கையில் பிடித்தபடியே நின்றான். படம் நெட்டில் ஏறிவிட்டிருந்தது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டி யார் யாரோ பரப்பத் தொடங்கியிருந்தார்கள்.

கதவு திறந்து சனம் வெளியே வந்தது. ஒவ்வொருவரும் செபமாலையிடம் வந்து கை கொடுத்தார்கள். கை கொடுத்தவர்களில் பாதிப்பேர் சூசையின் பதிலைச் சொன்னார்கள். ஒரு தகப்பன் சொன்னார், அவர் பிள்ளை இங்கிலிஷ் வாடையோடு சொன்னது, அவர்களுக்குப் பின்னால் வந்த கிழவர் பொக்கை வாயால் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நரைத்த தாடியோடு ஒருவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பதிலைக் குரலைத் தாழ்த்தி, இரகசியம்போலச் சொன்னார்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார் செபமாலை.

"நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறை, அண்ணை. நல்ல படம்."

அவர் போனார். அடுத்தவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சூசைக்கும் இப்போது அந்த வயதுதான். செபமாலை அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் முகத்தையும் பார்த்தார். பார்க்காமல் விட அவரால் முடியவில்லை. வரிசை தியேட்டருக்குள் நீண்டு போயிருந்தது, எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.